படியளப்பவர் மனச்சுமை

சைவ வீடுகளில் பெரியவர்கள் ஒரு பிடி சோற்றைக் கையில் எடுக்கும்போது, எல்லாருக்கும் படியளப்பவன் மேலே இருக்கிறான் என்று சொல்வது பழைய வழக்கம். அது உண்மையே. ஆயினும் உலகியலில் அந்தப் படியைப் பிடித்திருக்கும் கை ஒரு மனிதருடைய கையாகவே இருக்கின்றது. கடை முதலாளி, சம்மாட்டி, விடுதி நடத்துபவர், அரிசி ஆலைக்காரர் என்று யாரோ ஒருவர் மாதமுடிவிலோ பின்னேரத்திலோ எண்ணிக் கொடுக்கும் காசில்தான் பல வீடுகளின் உலை கொதிக்கின்றது. அந்தக் கை நடுங்கத் தொடங்கினால் நடுக்கத்தை மறைத்துக்கொள்வது தர்மமா, வெளியே காட்டுவது தர்மமா? 2020 ஆம் ஆண்டில் உலகத்தைப் பிடித்த கொரோனாப் பெருந்தொற்று இந்த வினாவைத் திருகோணமலை மாவட்டத்தில் பல வாசல்களில் கொண்டுவந்து வைத்தது. தொற்று அடங்கிவிட்டது. வினா இன்னும் அந்த வாசல்களிலேயே இருக்கின்றது.

நடந்தவற்றை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் சில வருடங்களுக்குள்ளேயே பலர் அவற்றை மறந்துவிட்டனர். 2020 மார்ச் 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிவரும் விமானங்கள் அதற்கு முந்திய நாளே நின்றுவிட்டன. சுற்றுலாப் பயணிகளுக்காக விமான நிலையம் முறைப்படி மீண்டும் திறக்கப்பட்டது 2021 ஜனவரி 21 இல் ஆகும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துவோர் அந்த ஐந்தாறு மாதங்களில் உழைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்டவேண்டும். 2019 சித்திரையில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் அந்த வருடத்துப் பருவத்தை விழுங்கியிருந்தது. போனது போகட்டும், அடுத்த வருடம் எடுத்துவிடலாம் என்று கடன்பட்டுச் சுவருக்கு வர்ணம் பூசியவர்களின் தலையில்தான் 2020 வந்து விழுந்தது. 2018 இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேல். 2020 இல் அது 5 இலட்சமாயிற்று. அவர்களிலும் பெரும்பாலானோர் ஊரடங்குக்கு முன்னர் வந்தவர்கள். 2021 இல் 2 இலட்சத்தையும் எட்டவில்லை.

கடற்றொழில் ஊரடங்கிலும் ஓரளவு நடந்தது. அதற்கு அடி விழுந்தது 2020 ஒக்டோபரில். பேலியகொடை மத்திய மீன் சந்தையில் வியாபாரிகள் பலருக்குத் தொற்று இருப்பது கண்டறியப்பட்டுச் சந்தை மூடப்பட்டது. திருகோணமலைக் கரைகளில் பின்னேரம் ஐஸ் போட்டு ஏற்றும் மீனில் பெரும்பகுதி இரவோடிரவாகக் கொழும்புக்குப் போவது என்பது இங்குள்ளோர் அறிந்ததே. போகும் வழி அடைபட்டது. போதாக்குறைக்கு, மீன் தின்றால் கொரோனா வரும் என்ற கதை வேறு பரவியது. முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் திலிப் வெதஆரச்சி அந்த நவம்பர் மாதத்தில் பத்திரிகையாளர் முன்னிலையில் ஒரு பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஐஸ் பெட்டி நிறைய மீனை வைத்துக்கொண்டு, பழைய பாக்கி தரவேண்டிய கொழும்பு வியாபாரியின் தொலைபேசி வேலை செய்யாமல் திண்டாடியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இவற்றில் பணம் நட்டமானது ஒரு கவலை. அது எல்லாரும் அறிந்த கவலை. நகையை ஈடு வைத்தோ காணியை விற்றோ ஒருவாறு தாண்டலாம். இன்னொரு கவலை உண்டு. நேற்றுவரை தம்மை நம்பி வந்த பத்துப் பேரில் யாரை நிறுத்துவது, யாரை வைத்திருப்பது என்று ஒருவர் மட்டும் இரவில் விழித்திருந்து எண்ணும் கவலை அது. வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இவற்றுள் கூடியதைக் கொடுக்கவேண்டும் என்று 2020 மே மாதத்தில் தொழில் அமைச்சும் தொழில் தருநரும் தொழிற்சங்கங்களும் பேசி முடிவெடுத்தனர். நியாயமான முடிவு. ஆனால் ஓர் அறையும் வாடகைக்குப் போகாத சிறிய விடுதியில் பத்துப் பேர் இருந்தால் மாதம் 1,45,000 ரூபா. மத்திய வங்கி ஆறு மாதக் கடன் சலுகையும், நூற்றுக்கு நான்கு வட்டியில் தொழில் நடத்தக் கடனும் அறிவித்தது. அக்கடனைப் பெறுவதற்கு முன்னைய கணக்குகள் ஒழுங்காக எழுத்தில் இருக்கவேண்டும். சிறு தொழில் நடத்துவோர் பலருடைய கணக்கு அவர்களின் தலைக்குள்ளேதான் இருந்தது. மேலும், தள்ளிப்போட்ட தவணை தீர்ந்துபோன தவணை அன்று என்பதை ஆறு மாதங்கள் முடிந்தபின் அவர்கள் கண்டனர்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. முதலாளிக்குக் கவலை, தொழிலாளிக்குப் பசி. பசித்தவனை விட்டுவிட்டுக் கவலைப்பட்டவருக்காக இரங்குவது என்ன நீதி? மறுப்பு சரியானது. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாவுக்காகப் பெயர்ப் பட்டியலில் தம் பெயர் இருக்கின்றதா என்று கிராம உத்தியோகத்தரிடம் போய் நின்றவர்களின் துன்பத்தோடு எவர் துன்பத்தையும் நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் அப்பசிக்கும் இக்கவலைக்கும் தொடர்பு உண்டு. நித்திரையின்றிக் கிடந்து விடியற்காலையில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் பிழையான முடிவாக அமையும். அப்பிழையின் விலையைக் கொடுப்பவர் வேலையாளே. நீண்ட நேர உழைப்பு உடலை என்ன செய்யும் என்பதையும் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. வாரத்துக்கு 55 மணித்தியாலத்துக்கு மேல் உழைப்போருக்குப் பாரிசவாதம் வரும் அபாயம், 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்போரைவிட நூற்றுக்கு 35 பங்கு கூடுதல் என்று அது கூறுகின்றது. சொந்தத் தொழில் நடத்துபவருக்கு மணித்தியாலக் கணக்கு ஏது? படுக்கையிலும் அவர் கடையில்தான் இருக்கிறார்.

ஆகவே படியளப்பவரின் மனம் அவருடைய சொந்த விடயம் மட்டும் அன்று. அப்படியானால் அவர் தமது நடுக்கத்தை என்ன செய்யவேண்டும்?

குருசேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேரை நிறுத்தச் சொன்ன அருச்சுனன் கோழை அல்லன். ஆனாலும் அவனுக்கு உடல் நடுங்கிற்று, வாய் உலர்ந்தது, காண்டீபம் கையிலிருந்து நழுவிற்று. இன்றைய வைத்தியர்கள் மன அழுத்தத்துக்குச் சொல்லும் அறிகுறிகளுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. அவன் அதில் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேரோட்டியிடம் சொன்னான். கீதையின் முதலாம் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். துயரத்தையே யோகம் என்று அழைக்கும் துணிவு அந்நூலுக்கு இருந்தது. உபதேசம் செய்வோரில் பலர் இந்த அத்தியாயத்தில் தரிப்பதில்லை. ஒரே தாவலில் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய், கடமையைச் செய், பலனைக் கருதாதே என்று தொடங்கிவிடுவார்கள். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கியில் வந்து விழும் ஒருவர், வங்கிக் கடிதத்தைப் பிரிக்கப் பயந்திருக்கும் ஒருவரிடம் பலனைக் கருதாதே என்று சொல்வது மிகவும் எளிது. கண்ணபிரான் அப்படிச் செய்யவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் அருச்சுனன் சொல்லி முடித்து, வில்லை வைத்துவிட்டுத் தேர்த்தட்டில் உட்காரும்வரை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அருச்சுனன் தன் அச்சத்தைச் சேனை முழுவதற்கும் கேட்கும்படி கத்தவில்லை. ஒருவரிடம் சொன்னான், தன் தேரின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவரிடம் சொன்னான். அச்சத்துக்கு ஒரு செவி போதும். ஆனால் அந்த ஒன்று வேண்டும். தொழில் நடத்துவோர் பலருக்கு அந்த ஒன்றும் இருக்கவில்லை. மனைவி பயப்படுவாள், பிள்ளைகளின் படிப்புக் குழம்பும், வேலையாட்கள் விட்டுப்போவார்கள், கடன் கொடுத்தவன் கதவடிக்கு வருவான் என்று ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது யாரும் இல்லை. அவ்வாறு மறைப்பது பிறர்மீது கொண்ட அன்பினால் என்று அவர்கள் எண்ணினர். பாதி அன்புதான். மறுபாதி மானம். விழுந்தவன் என்று ஊர் சொல்லக்கூடாதே என்ற மானம்.

அச்சத்தை ஒருவரிடம் சொல்லலாம். கணக்கை? அது வேறு. அதற்குத் திருவீழிமிழலையில் நடந்தது நல்ல உதாரணம். பஞ்சம் வந்து அடியார்கள் உணவின்றி வருந்திய காலத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அவ்வூரில் இருந்தனர். இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசைப் பீடத்தில் வைத்தருளினார். அதனைக் கொண்டு இரு மடங்களிலும் அன்னம் நடந்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. படிக்காசு என்று சைவ உலகம் இதனைக் கொண்டாடும். கொண்டாடும்போது ஒரு சிறு நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. அப்பர் மடத்தில் அடியார்கள் நேரத்துக்கு உண்டனர். சம்பந்தர் மடத்தில் சோறு பிந்தியது. பிந்துவது ஏன் என்று சம்பந்தர் கேட்டார். பதிகத்தால் உலகையே ஆண்டவர், சமைப்பவர்களை அழைத்துக் கேட்டார்! அவர்களும் பூசி மெழுகவில்லை. உங்கள் காசுக்குக் கடைக்காரர் வட்டம் கேட்கிறார்கள், அப்பருடைய காசை அப்படியே எடுக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னார்கள். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர் ஆதலால் அவர் காசுக்குக் குறை இல்லை என்பது அதற்குக் கூறப்படும் காரணம். சம்பந்தர் இதைக் கேட்டு நாணவில்லை, சமைத்தவர்களைக் கோபிக்கவும் இல்லை. தம் காசில் இருந்த குறையைத் தம்மைக் காசு கேட்கவைத்த இறைவனிடமே பதிகமாகப் பாடி முறையிட்டார். அதன்பின் நல்ல காசு வந்தது.

தலைவரின் காசில் குறை இருக்கிறது என்பது மடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததனால் ஒருவரும் அவரை விட்டு ஓடவில்லை. சோறு பிந்துவதன் காரணம் தெரிந்தவன் பொறுத்திருப்பான். காரணம் தெரியாதவனுக்குத்தான் சந்தேகம் வரும்.

இவ்வுண்மையை அறியத் தூரம் போகவேண்டியதில்லை. இம்மாவட்டத்துக் கரைகளில் கரைவலை இழுப்போர் தலைமுறை தலைமுறையாக அறிந்தது இதுதான். கரைவலையில் மாதச் சம்பளம் இல்லை, பங்கு. வலை கரையேறியதும் மீன் எல்லார் கண்முன்னும் விலைபேசப்படுகின்றது. செலவு கழித்து, வலைக்காரரின் பங்கு இவ்வளவு, இழுத்தவர் பங்கு இவ்வளவு என்று மணலிலேயே கணக்கு முடிகின்றது. வலை வெறுமையாக வந்தால் அதுவும் எல்லாருக்கும் தெரியும். பேலியகொடை மூடப்பட்ட நாட்களில் கரைவலைச் சம்மாட்டி தம் ஆட்களுக்கு நெருக்கடியை விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மீனும் விலையும் அவர்கள் கண்முன்னே கிடந்தன. பங்குமுறையிலும் குறைகள் உண்டு. முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைப்பது அவற்றுள் ஒன்று; அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் நட்டத்தைத் தனியொருவர் நெஞ்சுக்குள் பூட்டிவைக்க முறையே இடங்கொடுக்கவில்லை. சம்பளம் கொடுக்கும் தொழில்களில்தான் கணக்குப் புத்தகம் மேசை லாச்சிக்குள் போய், அதனோடு சேர்ந்து முதலாளியின் நித்திரையும் போயிற்று.

பெரிய தொழில்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். உலகின் மிகப்பெரிய ஹொட்டேல் நிறுவனமாகிய மரியொட்டின் தலைமை நிர்வாகி ஆர்ன் சோரன்சன் 2020 மார்ச் மாதத்தில், அதாவது இங்கே ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், தம் ஊழியருக்கு ஒளிப்படச் செய்தி ஒன்று விடுத்தார். அவருக்கு அப்போது கணையத்தில் புற்றுநோய். சிகிச்சையினால் தலைமுடி முற்றாக உதிர்ந்திருந்தது. அந்தத் தோற்றத்தோடு மக்கள்முன் வரவேண்டுமா என்று உடனிருந்தோர் தயங்கினர். அவர் அப்படியே வந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலையும் 2008 நிதி நெருக்கடியையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இப்போதைய அடி அதைவிடப் பெரியது என்று இலக்கங்களோடு சொன்னார். அந்த வருடத்தின் எஞ்சிய பகுதிக்குத் தமக்குச் சம்பளம் வேண்டாம் என்றும், உயர் நிர்வாகிகளின் சம்பளம் அரைவாசியாகின்றது என்றும் அறிவித்தார். தம் வாழ்க்கையில் இதைவிடக் கடினமான நேரம் இருந்ததில்லை என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. 2021 பெப்ரவரி 15 இல் அவர் காலமானார்.

அச்செய்தியினால் வேலைகள் காப்பாற்றப்பட்டன என்று நினைத்தால் தவறு. பல்லாயிரம் ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருத்தப்பட்டனர். உண்மையைச் சொல்வதனால் பஞ்சம் தீராது. திருவீழிமிழலையிலும் பதிகம் பாடிய மறுநாள் மழை பெய்துவிடவில்லை. ஆயினும் வேலையிழந்தவன், தனக்கு நடந்தது என்னவென்று அறிந்து வேலையிழந்தான். சம்பளத் திகதியன்று வாயிற்கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பியவனின் நிலை அதுவன்று. இரண்டையும் அனுபவித்தவர்களைக் கேட்டால் வேறுபாடு விளங்கும்.

மறுபுறத்தில் ஜேர்மனியின் ஹெசன் மாநில நிதி அமைச்சர் தோமஸ் ஷேபரின் கதை இருக்கின்றது. நிறுவனங்களும் தொழிலாளரும் நெருக்கடியிலிருந்து மீள உதவி வழங்கும் பணியில் இரவு பகலாக இருந்தவர். 2020 மார்ச் 28 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 54. மக்களின் எதிர்பார்ப்பை, விசேடமாகப் பண உதவி பற்றிய எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியுமா என்ற பெருங்கவலை அவரை அழுத்தியிருக்கவேண்டும் என்று மாநில முதலமைச்சர் துயரத்தோடு கூறினார். செல்வம் மிகுந்த நாடு, நிறைந்த கருவூலம், சுற்றிலும் அதிகாரிகள். அவ்வளவும் இருந்தும் தேரோட்டி ஒருவர் இல்லாமற் போய்விட்டாரோ என்னவோ. அது வெளியிலுள்ளோர் தீர்ப்பளிக்கும் விடயம் அன்று. இந்நாட்டில் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனம் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இத்தகைய மனச்சுமையைக் கேட்பதற்கு ஆட்களை வைத்திருக்கின்றது. அவ்விலக்கத்துக்குப் பேசுவது பைத்தியக்காரர் செய்யும் காரியம் என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. அருச்சுனனைப் பைத்தியக்காரன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இனி, கோயில்களின் பங்கு. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. அவர்களில் தொழில் நடத்துவோர் கணிசமானோர். தந்தை செய்த உபயத்தை மகன் தொடர்வது குடும்பத்தின் பெருமை. 2020 இலும் 2021 இலும் சுகாதார விதிகளின்படி விரல்விட்டு எண்ணக்கூடிய அடியாரோடு திருவிழாக்கள் நடந்தன, சில நடக்கவேயில்லை. அதனால் அவ்விரு வருடங்களும் உபயகாரர் பலருடைய மானம் தப்பியது. மேளக் கூட்டம் குறைந்தது, மின்விளக்குச் சோடனை இல்லை, அன்னதானம் பொதியாகக் கொடுக்கப்பட்டது. இக்கட்டு வந்தது அதற்குப் பின்னர். 2022 இல் நாடு கடனைக் கட்டமுடியாதென அறிவித்தது, டீசலுக்கு வரிசை, ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடலுக்குப் போகும் சிறிய படகுகளுக்கு எண்ணெய் அதுவே. தொற்றுக்காலக் கடனை இறக்கிவைக்கும் முன் இந்தச் சுமை ஏறிற்று. ஆனால் திருவிழாக்கள் பழைய சிறப்போடு திரும்பிவிட்டன. ஒலிபெருக்கியில் உபயகாரரின் பெயர் முன்போலவே வாசிக்கப்பட்டது. போன வருடத்திலும் குறைவாகச் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று கைமாற்று வாங்கி உபயம் செய்தவர் எவரும் இல்லை என்று எந்தப் பரிபாலன சபையாவது துணிந்து சொல்லுமா?

இளையான்குடிமாற நாயனார் வறுமையிலும் விதைநெல்லை வாரிவந்து அடியாருக்கு அன்னமிட்டார் என்று எடுத்துக்காட்டுவார்கள். நாயனார் வயலில் முளைத்தது அவருடைய சொந்த விதைநெல். வட்டிக்கு வாங்கிய நெல் அன்று. அத்துடன், மழை இரவில் அவர் வீட்டுக்கு வந்த அடியார் அவரிடம் உபயத்தின் தரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வரவில்லை.

2024 இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினர். நிலாவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் நடமாட்டம் திரும்பியிருக்கின்றது. புறாத்தீவுக்குப் படகுகள் ஓடுகின்றன. தொழில் மீண்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. தொழில் மீண்டதுதான். 2019 இல் அத்தொழிலை நடத்திய ஒவ்வொருவரும் மீண்டார்களா என்பதைப் பெயர்ப்பலகைகள் மாறியிருக்கும் கதவுகளில் தட்டித்தான் கேட்கவேண்டும். அவர்களுள் சிலர் இன்றும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து, முன்வரிசையில் நிற்காமல், தூணோரமாக நின்று கும்பிட்டுவிட்டுத் தீபாராதனை முடிந்தவுடன் போய்விடுகிறார்கள். பிரசாதத் தட்டு அத்தூண்வரை போவதற்குள் அவர்கள் படலையைத் தாண்டியிருப்பார்கள்.